எழுத்துப் பிழையும் வாக்குரிமையும்

அச்சிட்ட பெயர்களுள் எதையும் ஏற்காத வாக்காளர், தாம் விரும்பியவர் பெயரைத் தம் கையால் வாக்குச்சீட்டில் எழுதும் உரிமை அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் உண்டு. ஹவாய் மாநிலம் அதனை மறுத்தது. அம்மறுப்பை 1992இல் அமெரிக்க உச்சநீதிமன்றமும் ஏற்றது.

உரிமை உள்ள இடத்திலும் ஒரு வினா எழும்: பெயரைப் பிழைபட எழுதினால்? 2010இல் அலாஸ்காவில், கட்சியின் முதனிலைத் தேர்தலில் தோற்ற லிசா மர்கோவ்ஸ்கி, மக்கள் எழுதிய வாக்குகளாலேயே செனட் உறுப்பினராக வென்றார். பிழையுள்ள சீட்டுகளைத் தள்ளுமாறு எதிர்த்தரப்பு வழக்காடியது. வாக்காளர் கருத்து விளங்குமாயின் எழுத்துப் பிழை தடையாகாது என்றது அம்மாநில உச்சநீதிமன்றம்.

பிழை திருத்துதலையே தொழிலாகக் கொண்ட தமிழாசிரியரும் போற்றத்தக்க தீர்ப்பு இது. தேர்வுத்தாள் புலமையை அளப்பது; வாக்குச்சீட்டோ விருப்பத்தை அறிவது. எழுத்தறிவு குறைந்தோர் குரலும் குடியாட்சியில் குரலே அன்றோ?