ஆட்டுப் பட்டிக்கும் காய்ந்த படுக்கை வேண்டும்

மார்கழி பிறந்துவிட்டது. நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் தை, மாசி விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி படியும். பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்கும் திடீர் வைத்தியச் செலவுக்கும் நம் குடும்பங்கள் நம்பியிருப்பது லயத்துக்குப் பின்னால் நிற்கும் இரண்டு மூன்று ஆடுகளைத்தான். குளிரும் ஈரமும் சேர்ந்தால் குட்டிகளுக்குச் சளிக்காய்ச்சல் வரும். ஒரு குட்டி செத்தால் பல நாள் சம்பளம் போன மாதிரி.

குளிரை ஆடு தாங்கும். ஈரத் தரையைத் தாங்காது. அதற்கு வழி ஆழ்கூளப் படுக்கை. தரையில் அரை அடி உயரத்துக்குக் காய்ந்த கூளம் பரப்ப வேண்டும். தினமும் அள்ளி வெளியே கொட்டாமல், நனைந்த இடத்தில் புதுக் கூளம் தூவிக்கொண்டே வர வேண்டும். அடியில் இருப்பது மெல்ல மக்கிச் சூடு தரும்.

எதைப் பரப்புவது? வைக்கோல் நல்ல கதகதப்புத் தரும். ஆனால் மலையில் நெல் வயல் குறைவு. லொறிக் கூலியோடு விலை ஏறிவிடும். தச்சுப் பட்டறை மரச்சீவல் மூத்திரத்தை நன்றாக உறிஞ்சும். நைசான மரத்தூள் மூக்கில் ஏறும். மருந்து பூசிய பலகையின் சீவல் கூடவே கூடாது. காசில்லாமல் கிடைப்பது மானாப் புல். அதன் தண்டு ஈரத்தை அதிகம் உறிஞ்சாது. ஆகவே அடியில் மரச்சீவல், மேலே நன்றாகக் காய்ந்து நறுக்கிய மானா என்பதே நமக்குக் கட்டுப்படியாகும் வழி. பச்சையாகப் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

படுக்கையில் கொஞ்ச நேரம் முழங்காலிட்டுப் பாருங்கள். முழங்கால் நனைந்தால் கூளம் போதாது. ஆட்டின் மூக்கு உயரத்துக்குக் குனியுங்கள். கண் எரிந்தால் காற்று போதாது. குளிருக்குப் பயந்து உரச் சாக்கால் பட்டி முழுவதையும் மூடிவிடாதீர்கள். ஆடு படுக்கும் உயரம் வரை அடைத்து, கூரைக்குக் கீழே திறந்து விடுங்கள். பதுளைப் பக்கம் இப்போது மழைக்காலம். அங்கே பட்டிக்கு மேற்புறம் கான் வெட்டாவிட்டால் எந்தக் கூளமும் நிற்காது. பனிக்காலம் முடிந்து அள்ளும் கூளம் மரக்கறிப் பாத்திக்கு நல்ல உரம்.

இவ்வளவும் நம் கையில் உள்ளவை. நிர்வாகத்தின் கையில் உள்ளவையும் இருக்கின்றன. தேயிலை இல்லாத தரிசில் மானா வெட்டினாலும் காவல்காரர் மறிக்கிறார். ஆடு படுக்கையையும் மேயும். எந்த மலையில் களைகொல்லி அடித்தார்கள் என்பது தெரியாமல் வெட்டினால் விஷமே பட்டிக்கு வரும். வீட்டுத் திட்டங்களில் முன்பு தரப்பட்ட 7 பேர்ச் காணியில் வீடு போக மிஞ்சும் இடத்தில் பட்டி போடுவது கஷ்டம்.

ஆகவே நாம் கேட்பது மூன்று: தரிசு நிலத்தில் மானா வெட்ட அனுமதி, களைகொல்லி அடிக்கும் மலையையும் நாளையும் முன்கூட்டியே பிரட்டுக்களத்தில் அறிவித்தல், வீட்டுத் திட்டங்களோடு கால்நடைப் பட்டிக்குப் பொது இடம்.

இவற்றில் முதல் இரண்டுக்கும் நிர்வாகத்துக்குச் செலவில்லை. தோட்டத் தலைவர்களும் தலைவிமாரும் இந்த மாதப் பேச்சுவார்த்தையிலேயே இவற்றை எழுத்தில் கொடுக்க வேண்டும். உறைபனி விழுந்த பிறகு கேட்டுப் பயனில்லை.