மறைப்பது நட்பாகுமா?

நோயுற்ற இளம்பெண், அவளுக்குத் துணைநிற்கும் பள்ளித் தோழன், கண்ணீரில் முடியும் கதை என்னும் அமைப்பில் ஜப்பானியர் எடுத்த திரைப்படங்கள் பல. அவற்றுள் 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ‘உன் கணையத்தை உண்ண விரும்புகிறேன்’ என்னும் படம் இளையோர் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த ஒன்று. சுமினோ யொரு 2015இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவி ட்சுகிகாவா ஷோ இயக்கிய படம் இது. அடுத்த ஆண்டே அக்கதை அசைவோவியப் படமாகவும் வந்தது. இதனைப் பார்த்தவர் பலர் கண்ணீர் சிந்தினர். நட்பின் கொடுமுடி என்று போற்றினர். கண்ணீரில் பிழையில்லை. எதனை நட்பு என்று இப்படம் நம்மை ஏற்கச் செய்கிறது என்று வினவாமல் கண்ணீரோடு நின்றுவிடுவதே பிழை.

தலைப்பைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. உடலில் ஓர் உறுப்பு நோயுற்றால், விலங்கின் அதே உறுப்பை உண்டால் நலமாகும் என்று பழங்காலத்தார் நம்பியதாகக் கதைத் தலைவி சகுரா சொல்கிறாள். அவளுக்குக் கணையத்தில் தீராத நோய். அதனை அவள் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறாள். மருத்துவமனையில் அக்குறிப்பேடு உடன்பயிலும் மாணவன் ஒருவன் கையில் தற்செயலாகக் கிடைக்கிறது. குடும்பத்தாரை அடுத்து அவள் நோயை அறிந்தவன் அவன் ஒருவனே. நூல்களே உலகம் என்று ஒதுங்கி வாழ்ந்த அவனை அவள் வலிய நாடுகிறாள். நூலகப் பணியைப் பகிர்ந்துகொள்கிறாள். ஃபுக்குவோக்காவுக்குப் பயணம் அழைத்துச் செல்கிறாள். இவ்வளவையும் அவனோடு பகிர்ந்துகொள்பவள், தன் உயிர்த்தோழி கியோக்கோவிடம் நோயைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

இம்மறைப்பை அன்பின் வெளிப்பாடாகவே படம் காட்டுகிறது. தோழி துயருறக் கூடாது, அவளோடு கழியும் நாள்கள் இயல்பாய்க் கழிய வேண்டும் என்பதே சகுரா காட்டும் காரணம். கேட்பதற்கு இனிய காரணந்தான். ஆயினும் கதையே இதனை மறுக்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சகுராவுக்கு இயல்பான நாள்களை வழங்கியவன் யார்? நோயை அறிந்த அந்த மாணவன் அல்லனோ? அவன் அறிந்தும் இரங்கிப் புலம்பவில்லை. அவளை நோயாளியாக நடத்தவில்லை. அவள் சிரித்தால் சிரித்தான், வம்பு பேசினால் மறுத்துப் பேசினான். ஆகவே, அறிதல் இயல்பு வாழ்வைக் கெடுக்கும் என்னும் கூற்று அக்கதையிலேயே பொய்யாகிவிடுகிறது. நேற்று அறிமுகமானவனால் இயன்றது, நெடுநாள் தோழியால் இயலாது என்று முன்கூட்டியே தீர்ப்பளிப்பது எவ்வகையில் நியாயம்?

வள்ளுவர் நட்பை ஓர் அதிகாரத்தில் பாடி அமையவில்லை. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களில் ஆராய்ந்தார். உடை நெகிழ்ந்தவனின் கை கேளாமலே விரைந்து சென்று காப்பதை அவர் நட்புக்கு உவமையாக்கியதை அறியாத தமிழ் மாணவர் இலர். அந்தக் கை விரைய வேண்டுமாயின், உடை நெகிழ்வது அதற்குத் தெரிய வேண்டும். தெரியாத கை எங்ஙனம் விரையும்? இடுக்கணை மறைப்பவர், நண்பரின் கையைக் கட்டிவிட்டு, அவருக்கு நன்மை செய்ததாக எண்ணிக்கொள்கின்றனர். கியோக்கோவின் கைகள் அவ்வாறுதான் கட்டப்பட்டன.

உரிய காலம் வரும்போது சொல்லலாமே என்பார் உளர். அவர்க்கும் படமே விடை தருகிறது. சகுரா நோயினால் இறக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து வெளிவந்து நண்பனைக் காணச் செல்லும் வழியில், முன்பின் அறியாத ஒருவனின் கத்திக்குப் பலியாகிறாள். உரிய காலம் என்று எவரும் காத்திருக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

புதினத்திற்கும் படத்திற்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்று இங்குக் கருதத்தக்கது. புதினத்தில், சகுரா மறைந்து சில வாரங்களிலேயே அந்த மாணவன் குறிப்பேட்டைக் கியோக்கோவிடம் தருகிறான். படித்த அவள் அழுகிறாள். முன்பே தனக்குச் சொல்லாதது ஏன் என்று சீறுகிறாள். அந்தச் சினம் நேர்மையான சினம். மறைக்கப்பட்டவரின் வழக்கு அங்கு உரக்க ஒலிக்கிறது. திரைப்படமோ, புதினத்தில் இல்லாத பன்னிரண்டு ஆண்டு இடைவெளியைப் புகுத்துகிறது. அம்மாணவன் வளர்ந்து, தான் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியனாகிறான். தோழிக்கென்று சகுரா எழுதிய மடல் அத்தனை காலமும் பள்ளி நூலகத்து நூலுக்குள் கிடந்து, கியோக்கோவின் திருமண நாளில் அவள் கையைச் சேர்கிறது. மணக்கோலத்தில் அவள் அழும் காட்சி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், சீற வேண்டியவளை நெகிழ்ந்து அழ மட்டும் வைத்து, மறைப்பின் கொடுமையைப் படம் மூடிவிட்டது. பன்னிரண்டு ஆண்டு தாமதம் ஓர் இழப்பு. அதனைப் பரிசுபோல் கட்டித் தருவது கலை செய்யும் ஏமாற்று.

இது ஜப்பானியரின் பண்பாடு, அயலார் குறைகூறலாகாது என்று சிலர் வாதிடக்கூடும். அந்நாட்டின் வரலாறு அவர் பக்கம் நிற்கவில்லை. புற்றுநோய் கண்டவரிடம் அந்நோயின் பெயரைச் சொல்லாமல் மறைப்பது அங்கு மருத்துவரிடையே நெடுங்கால வழக்கம் என்பது உண்மையே. குரோசாவா அகிரா 1952இல் இயக்கிய ‘இகிரு’ என்னும் படத்தில், வயிற்றில் புற்றுநோய் கண்ட முதியவரிடம் அது சிறு புண்தான் என்று மருத்துவர் பொய்யுரைக்கிறார். 1989 சனவரியில் மறைந்த பேரரசர் ஹிரோஹித்தோவின் நோய் புற்றுநோய் என்று முறைப்படி அறிவிக்கப்பட்டதும் அவர் மறைந்த பின்னரே. ஆனால், 1990களிலிருந்து அவ்வழக்கத்தை ஜப்பானியரே படிப்படியாகக் கைவிட்டனர். தம் உடலைப் பற்றி அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பதை ஏற்றனர். மருத்துவர் இறக்கிவைத்த அந்த மௌனத்தைப் பள்ளிச் சிறுமியின் தோளில் ஏற்றிவைத்து, அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டுகிறது இப்புதிய படம். முன்னேறிய சமூகத்தைப் பின்னுக்கு இழுப்பது எங்ஙனம் பண்பாட்டுக் காப்பாகும்?

சகுராமேல் மட்டும் குற்றம் சுமத்துவது முறையன்று. அவள் சிறுமி. மறைக்கும் குழந்தையைக் கடிவதற்கு முன், ஏன் மறைத்தது என்று கேட்க வேண்டும். அதற்கான விடை, கதையில் அன்று, ஓர் உண்மை வாழ்வில் கிடைக்கிறது. கிதோ ஆயா என்னும் ஜப்பானிய மாணவிக்குப் பதினைந்தாம் வயதில் சிறுமூளையும் தண்டுவடமும் படிப்படியாகச் சிதையும் நோய் கண்டது. அவர் எழுதிய நாட்குறிப்பு ‘ஒரு லிட்டர் கண்ணீர்’ என்னும் பெயரில் 1986இல் நூலாயிற்று. 1988இல், 25ஆம் வயதில் அவர் மறைந்தார். 2005இல் அவ்வாழ்க்கை தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அவர் நோய் மறைக்கத்தக்கதன்று. நடை தளர்ந்தது, பேச்சுக் குழறியது. முயன்று சேர்ந்த உயர்நிலைப் பள்ளியை விட்டு, உடற்குறையுற்றோர்க்கான பள்ளிக்கு அவர் மாற வேண்டியதாயிற்று. உடன்பயின்றோர் அறிந்திருந்தனர், தாங்கிப் பிடித்த தோழியரும் இருந்தனர். ஆயினும் அந்த வகுப்பில் அவர் தொடர்ந்து அமர இடமில்லாமற் போயிற்று.

இங்கேதான் உண்மை விளங்குகிறது. சொன்னால் இருக்கை போய்விடும், விளையாட்டுக் குழுவிலிருந்து பெயர் நீங்கிவிடும், எல்லாப் பார்வையும் இரக்கப் பார்வையாகிவிடும் என்று குழந்தை அஞ்சுமானால், அது மறைக்கத்தான் செய்யும். சகுராவின் மௌனம் பள்ளியின்மீது சாட்டப்பட்ட குற்றம். மருத்துவமனைக்குள்ளேயே வகுப்பு நடத்தி நோயுற்ற பிள்ளைகளின் கல்வியைக் காக்கும் ஏற்பாடு ஜப்பானில் உண்டு. அத்தகைய நாட்டில் எடுத்த இப்படம் பள்ளியை அழகிய நூலகமாகக் காட்டுகிறதே அன்றி, சகுரா தன் நோயைச் சொல்லியும் தலைநிமிர்ந்து அமரக்கூடிய வகுப்பறையைக் காட்டவில்லை. கதைத் தலைவனை ஆசிரியனாக்கிய பின்னும் அந்த வினாவை அவனிடம் கேட்கவில்லை. அவன் வகுப்பில் நாளை ஒரு சகுரா வந்து அமர்ந்தால், அவளால் அவனிடம் பேச முடியுமா என்று படம் எண்ணிப் பார்க்கவே இல்லை.

படத்தை மாணவர்க்குத் தடுக்க வேண்டியதில்லை. தடுத்தால் தனியே பார்த்து அழுவர்; அழுது மறைப்பையே அன்பெனக் கற்பர். ஆசிரியர் அவர்களோடு அமர்ந்து பார்த்து, கியோக்கோவின் பக்கம் நின்று வினாத் தொடுக்கட்டும். தோழிக்குச் சொல்லியிருந்தால் எந்த நாள் கெட்டிருக்கும், எந்த நாள் கூடியிருக்கும் என்று மாணவர் எழுதிப் பார்க்கட்டும். அதைவிட இன்றியமையாதது ஒன்றுண்டு. நோயைச் சொல்ல வரும் மாணவனைப் பதறாமல் கேட்கவும், மறுநாளும் அவனுக்கு அதே இருக்கையை, அதே வீட்டுப்பாடத்தை, அதே கண்டிப்பை வழங்கவும் ஆசிரியர் பழக வேண்டும். அத்தகைய வகுப்பறை அமையும் இடத்தில் எந்தக் குழந்தையும் தன் நோயைக் குறிப்பேட்டுக்குள் பூட்டிவைக்க வேண்டியிராது.