கேட்பதும் ஒரு கலையே

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பது நம் பாட்டிமார் சொல்லும் பழமொழி. வாய் இருந்தால் மட்டும் போதுமா? அந்த வாயால் எதை, எவரிடம், எப்படிக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டாமா? இக்கட்டுரையில் நான் எழுப்ப விரும்பும் வினா இதுதான். விடை தேட வாசகர்களைச் சற்றுத் தொலைவுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. இடம், அமெரிக்க நாட்டில் ஒரு வீட்டின் கொல்லைப்புறம். கதாநாயகன், அங்கே கொட்டகையில் தூசி படிந்து நிற்கும் ஒரு சிறிய டிராக்டர்.

டிராக்டர் என்றதும் வயலை உழும் பெரிய வண்டி நம் கண்முன் வந்து நிற்கும். நான் கூறுவது அதன் தம்பி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் நகர்ப்புறங்களை ஒட்டி வீடுகள் பெருகின. வீட்டைச் சுற்றிப் புல்வெளி, அதன் ஓரத்தில் ஒரு காய்கறித் தோட்டம். இவற்றைப் பராமரிக்கவும், குளிர்காலத்தில் வாசலை மூடும் பனியைத் தள்ளவும் ஒரு குட்டி வண்டி தேவைப்பட்டது. 1946-இல் இந்தியானா மாநிலத்துச் சவுத் பெண்ட் நகரில் எல்மர் பாண்ட் என்பவர் தொடங்கிய தொழில், அவர் மகன் சிசில் பாண்ட் காலத்தில் 'வீல் ஹார்ஸ்' என்ற பெயரில் ஓங்கி வளர்ந்தது. 1961-இல் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 'கப் கேடட்' என்ற வண்டியைக் கொண்டுவந்தது. 1963-இல் ஜான் டீர் தன் '110' என்னும் வண்டியை வெளியிட்டது. வீல் ஹார்ஸ் சிவப்பு; கப் கேடட் மஞ்சளும் வெள்ளையும்; ஜான் டீர் பச்சை. நிறத்தைக் கொண்டே குலம் சொல்லிவிடலாம்.

காலம் யாருக்காகவும் நிற்பதில்லை. வீல் ஹார்ஸ் 1974-இல் ஒரு மோட்டார் நிறுவனத்தின் கைக்கும், 1986-இல் டோரோ நிறுவனத்தின் கைக்கும் போயிற்று. கப் கேடட் 1981-இல் கைமாறியது. ஆனால் அன்று வார்ப்பிரும்பில் வார்த்த எஞ்சின்கள் இன்றும் ஓடுகின்றன. ஐம்பது, அறுபது ஆண்டுப் பழமையான வண்டிகளைப் பிள்ளை போல் பேணி வைத்திருப்போர் அந்நாட்டில் ஏராளம். கோளாறு வந்தால் யாரிடம் போவது? கையேடு உண்டு. ஆனால் கையேடு தொழிற்சாலையிலிருந்து வந்த புது வண்டிக்காக எழுதப்பட்டது. கொட்டகையில் நிற்கும் வண்டியோ நாலு பேர் கை மாறி, நாலு பேர் புத்திக்கும் ஆளானது. ஆகவே, பழகிய மனிதர் ஒருவரிடம் சென்று கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. அங்கேதான் கேட்கும் முறை பற்றிய பேச்சு பிறக்கிறது.

என் அக்காள் கணவர் இந்தியானா மாநிலத்தில் வேலை பார்க்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் வாங்கிய பழைய வீட்டோடு கொட்டகையில் நின்ற ஒரு சிவப்பு வீல் ஹார்ஸும் வந்து சேர்ந்தது. பனிக்காலம் முடிந்து புல் வளரத் தொடங்கியதும் அத்தான் அதைக் கிளப்பப் பார்த்தார். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. அடுத்த தெருவில், இத்தகைய வண்டிகள் மூன்றை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். வேலியோரம் நின்றபடி, "என் டிராக்டர் ஓடவில்லை, என்ன கோளாறு?" என்றார்.

பெரியவர் செய்துகொண்டிருந்த வேலையிலிருந்து தலை நிமிரவில்லையாம். "எஞ்சின் எண் என்ன? கடைசியாக எப்போது ஓடியது? டாங்கியில் இருப்பது எப்போது ஊற்றிய பெட்ரோல்? பிளக்கில் பொறி வருகிறதா? நீ எதையாவது கழற்றினாயா?" என்று வரிசையாக ஐந்து கேள்விகள் மட்டும் வந்தன. அத்தானிடம் ஒன்றுக்கும் விடையில்லை. "சிவப்பு வண்டி, 12 குதிரைத்திறன் என்று நினைக்கிறேன்" என்றார். "தெரிந்துகொண்டு வா" என்று சொல்லிவிட்டாராம் பெரியவர்.

அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. 'இதெல்லாம் தெரிந்தால் நான் ஏன் இவர் வாசலுக்குப் போகிறேன்? என்ன கர்வம்!' என்று திரும்பிவிட்டார். அலுவலக நண்பர் ஒருவர் கார்புரேட்டரை மாற்றச் சொன்னார். மாற்றினார், பயனில்லை. மற்றொருவர் அமுக்கமானியை வைத்துப் பார்த்து, அளவு குறைவாக இருக்கிறது, எஞ்சின் தேய்ந்துவிட்டது, இனித் தூக்கி எறிய வேண்டியதுதான் என்றார். உண்மை என்ன தெரியுமா? அவ்வண்டியில் இருந்த கோலர் கே301 போன்ற எஞ்சின்களில், கிளப்புவது எளிதாவதற்காக, மெல்லச் சுற்றும்போது வெளியேற்று வால்வைச் சிறிது திறந்து வைத்திருக்கும் அமைப்பு ஒன்று உண்டு. வேகம் பிடித்த பிறகே அது விலகும். எனவே கிளப்பும் வேகத்தில் மானியை வைத்து அளந்தால் நல்ல எஞ்சினும் நோயாளி போலத்தான் காட்டும். எஞ்சின் எண் தெரியாமல் சொன்ன வைத்தியம் உயிரோடிருப்பவனைச் சுடுகாட்டுக்கு அனுப்பப் பார்த்தது!

இரண்டு வாரம் ஓடிற்று. பணமும் போயிற்று. புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. கடைசியில் அத்தான் ஒரு தாளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தார். எஞ்சின் உறையில் இருந்த தகட்டைத் துடைத்து எண்களைக் குறித்தார். பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றினார். பிளக்கைக் கழற்றி எஞ்சின் உலோகத்தில் தொடவைத்துச் சுற்றிப் பார்த்தார், பொறி இல்லை. கார்புரேட்டரை மாற்றியதையும் மறைக்காமல் எழுதினார். தாளோடு மறுபடியும் அந்த வேலியோரம் போய் நின்றார்.

இம்முறை பெரியவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை இருமுறை படித்தார். "பாயிண்ட்டைத் திறந்து பார். பல நாள் சும்மா கிடந்தால் அதன் முகம் கறுத்துவிடும். சுத்தம் செய்து, இடைவெளியை 0.020 அங்குலத்துக்கு வை" என்றார். அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அத்தான் அப்படியே செய்தார். மூன்றாம் சுற்றில் எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது.

இந்நிகழ்ச்சியை அத்தான் தொலைபேசியில் கூறியபோது எனக்கு நம் ஆய்வுக்கூடம் நினைவுக்கு வந்தது. முதலாண்டில் நான் மின்சுற்றை இணைத்துவிட்டு, முள் அசையாததைக் கண்டு, "சார், ரீடிங் வரலை" என்று கூவுவேன். பேராசிரியர் என் மேசைக்கு வந்து, "மின்கலத்தைச் சோதித்தாயா? எந்த இணைப்பு வரை மின்னழுத்தம் இருக்கிறது?" என்று கேட்பார். விடை சொல்லத் தெரியாமல் நிற்பேன். என்னை மட்டம் தட்டவே கேட்கிறார் என்று உள்ளூர நொந்துகொள்வேன். கேட்பதற்குச் சொல்லிக்கொடுக்க வீட்டில் படித்தவர் யாரும் இல்லாத என் போன்றோருக்கு எதிர்க்கேள்வி என்பது அடியைப் போலவே வலிக்கிறது. அது அடியன்று, கதவைத் திறக்கும் சாவி என்று உணர எனக்கு ஓராண்டு பிடித்தது.

பழைய டிராக்டர் வைத்திருப்போர் எதிர்பார்க்கும் ஒழுங்குகள் சிலவே. முதலாவது, கேட்பதற்குமுன் நாமே பார்க்கக்கூடியதைப் பார்ப்பது. இரண்டாவது, அடையாளத்தைச் சரியாகச் சொல்வது. கோலர் எஞ்சின்களில் கே241, கே301, கே321 ஆகியவை பார்வைக்கு உடன்பிறப்புகள். ஆனால் சிலிண்டரின் விட்டம் முறையே 3¼, 3⅜, 3½ அங்குலம். ஒன்றின் பிஸ்டன் மற்றொன்றில் சேராது. உறையை யாரேனும் மாற்றியிருந்தால் தகட்டில் உள்ள எண்ணே பொய் சொல்லும் என்பதால், எஞ்சினின் படத்தையும் சேர்த்துக் காட்டுவது நல்லது. மூன்றாவது, நாம் கைவைத்ததை மறைக்காதிருப்பது. வைத்தியரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக்கூடாது என்பார்கள்; மெக்கானிக்கை மட்டும் விட்டுவிடலாமா? நான்காவது, பிறர் நேரத்தையும் பிறர் சேமித்து வைத்த உதிரிப் பாகத்தையும் நம் உரிமையாகக் கருதாதிருப்பது.

ஐந்தாவது ஒழுங்கு ஒன்று உண்டு. அதில்தான் என் அத்தான் தவறினார். வண்டி ஓடிய மகிழ்ச்சியில் கோடைக்காலம் முழுவதும் புல் வெட்டினார். பெரியவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இலையுதிர் காலத்தில் ஒரு கடையில் இருவரும் சந்தித்தார்கள். பெரியவர் நலம்கூட விசாரிக்காமல், "ஓடியதா?" என்றுதான் கேட்டாராம். "ஜூலையில் இன்னொருவன் இதே கோளாறோடு வந்தான். உனக்குச் சொன்னது பலித்ததா என்று தெரியாததால் அவனுக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்றாராம். அத்தானுக்குத் தலை குனிந்துவிட்டது. அவர் பெற்றது ஒரு விடை. அவர் திருப்பித் தர வேண்டியிருந்ததும் ஒரு விடைதான். அதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது கடனை ஏமாற்றியதற்குச் சமம் அன்றோ?

இங்கே சிலர் எதிர்வாதம் செய்யலாம். "உதவி கேட்பவன் என்ன, கோர்ட்டில் மனுவா தாக்கல் செய்கிறான்? இத்தனை விதி எதற்கு? தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொன்னால் போகிறது" என்பார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. புதியவனுக்கு எந்தச் செய்தி முக்கியம் என்பதே தெரியாது. பொறி வருகிறதா என்று கேட்டால், அதை எப்படிப் பார்ப்பது என்றும் சொல்ல வேண்டியது தெரிந்தவர் கடமை. அந்தப் பெரியவர் முதல் நாளே, "இப்படிப் பார்த்துக் குறித்துக்கொண்டு வா" என்று இரண்டு வாக்கியம் கூடச் சொல்லியிருந்தால், அத்தானின் இரண்டு வாரமும் ஒரு கார்புரேட்டர் விலையும் மிஞ்சியிருக்கும். கேள்வியைக் கண்டு நகைப்பதும், "இதுகூடத் தெரியாதா?" என்று முகம் சுளிப்பதும் அறிவுடைமை ஆகா. கேட்பவனுக்கு ஐந்து ஒழுங்கு என்றால் சொல்பவருக்கு ஒன்றாவது வேண்டும்: பொறுமை.

ஆயினும் பெரும்பங்கு பொறுப்பு கேட்பவனையே சாரும் என்பது என் கருத்து. காரணம் எளியது. நூறு பேர் "ஓடவில்லை, என்ன செய்வது?" என்று மொட்டையாகக் கேட்டால், தெரிந்தவர் ஒருவர் சலித்துப்போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அப்போது நூற்றியொன்றாவதாக, முறையோடு கேட்க வருபவனுக்கும் அக்கதவு சாத்தியே இருக்கும். அறிவு புத்தகத்தில் மட்டும் இருப்பதில்லை. கையிலும் காதிலும் ஏறிய அறிவு மனிதரோடு வாழ்ந்து மனிதரோடு போய்விடுகிறது.

அது வெறும் பேச்சன்று. மறு குளிர்காலத்தில் அந்தப் பெரியவர் காலமானார். அவருடைய மூன்று வண்டிகளையும் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். அத்தான் அவரிடம் கேட்பதற்கென்று எழுதி வைத்திருந்த இன்னொரு தாள் கொட்டகைச் சுவரில் ஆணியில் அப்படியே தொங்குகிறதாம். இப்போது அக்கம்பக்கத்தில் சிலர் அத்தானைத் தேடி வருகிறார்கள். "எஞ்சின் எண் என்ன?" என்றுதான் அவரும் தொடங்குகிறார். எண் எங்கே இருக்கும் என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறாராம்.

நண்பர்களே, நம் கல்லூரியிலும் முப்பதாண்டு அனுபவத்தோடு ஓய்வுபெறவிருக்கும் ஆசிரியர்களும், நூலகப் பணியாளர்களும், ஆய்வுக்கூட உதவியாளர்களும் இருக்கிறார்கள். பழுதான கருவி ஒன்றைத் தட்டியே நோய் அறியும் உதவியாளரை நான் இங்கே கண்டிருக்கிறேன். அவர் ஓய்வுபெறும் நாளில் மாலை போடுவோம். அதற்குமுன் அவர் அறிந்ததில் எவ்வளவைக் கேட்டு வைத்துக்கொண்டோம்? வெட்கப்பட்டுக் கேளாதிருப்பதும் இழப்பு. முறையின்றிக் கேட்டுச் சலிப்பூட்டுவதும் இழப்பு. பார்த்துவிட்டுக் கேட்போம், உள்ளதைச் சொல்லிக் கேட்போம், பெற்ற விடை பலித்ததா இல்லையா என்பதை மறவாமல் போய்ச் சொல்வோம். எனக்குச் சொல்லித் தந்தவர்களிடம் நான் இன்னும் போய்ச் சொல்லாத செய்திகள் பல உண்டு. இந்த ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொருவராகத் தேடிச் சென்று சொல்லிவிட எண்ணியிருக்கிறேன்.