புதிய தொகுப்பாளரின் எழுத்தின்மீது கருத்துரைப்பது குறித்து எங்கள் நிலைப்பாடு

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதியும் பிறர் எழுதியதைத் திருத்தியும் வருகிற தன்னார்வலர் குழுவாகிய நாங்கள், புதிதாக வந்து சேர்ந்த ஒருவரின் கட்டுரையில் குறை காணும்போது அதனை அவருக்கு எவ்வாறு தெரிவிப்பது என்னும் விஷயத்தில் எங்கள் அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகச் சொல்லிவைப்பது அவசியமெனக் கருதுகிறோம். புதியவர் ஒருவரின் எழுத்தை நீக்குகிறவரோ, மீளமைக்கிறவரோ, அதன் தலையில் குறை சுட்டும் ஆயத்த அறிவிப்பாகிய பராமரிப்பு வார்ப்புரு இடுகிறவரோ, அந்த எழுத்தைத் தாம் படித்திருக்கிறார் என்பது விளங்கும்படி, அந்தக் கட்டுரையைப் பற்றியே, தம் கையால் நாலு வரியேனும் அப்புதியவரின் பேச்சுப் பக்கத்தில் எழுதக் கடமைப்பட்டவர். அந்த நாலு வரிக்கு அவகாசமில்லாதவர் விஷமத் தொகுப்புகளை மாத்திரம் கவனித்துக்கொண்டு, மற்றதை வேறொருவருக்கு விட்டுவிடுவதே முறை.

எழுதியவரின் குறையை உலகறியச் சொல்லவேண்டிய சங்கடம் அச்சிட்ட கலைக்களஞ்சியங்களுக்கு இருந்ததில்லை. பெரியசாமித் தூரன் முதன்மையாசிரியராக இருக்க, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் போன்ற ஒரு நூலுக்கு எழுதுகிறவர், துறை வல்லுநரென்று அறிந்து அழைக்கப்படுகிறவர். அவருடைய கையெழுத்துப் பிரதியில் பிழை இருந்தால் அது பிரசுரத்துக்கு முன்பே ஆசிரியருக்கும் அவருக்கும் மாத்திரம் தெரியத் திருத்தப்பட்டுவிடும். விக்கிப்பீடியாவிலோ பிரசுரம் முந்திக்கொள்கிறது, திருத்தம் பின்னால் வருகிறது. எவரும் அழைக்காமல் தாமே உவந்து வந்த ஒருவர் பொத்தானை அழுத்திய கணத்திலேயே அவருடைய எழுத்து உலகின் பார்வைக்கு வந்துவிடுவதுபோல, அதன்மீது எழும் கண்டனமும் உலகறியவே எழுகிறது. பேச்சுப் பக்கத்தில் எழுதிய கடுஞ்சொல்லைப் பின்னர் நீக்கினாலும், பக்க வரலாற்றில் அது எழுதியவர் பெயரோடும் நாள் நேரத்தோடும் நிலைத்து நிற்கிறது. ஆசிரியர் அறைக்குள் சொல்லியிருந்தால் மறுநாள் மறந்து போயிருக்கும் வார்த்தை இங்கே சாசனமாகிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஆயினும் அண்மைய மாற்றங்களைக் கவனித்து வருகிறவர் எவருக்கும் இது புதிதாக இராது. ஒருவர் தம் ஊர் ஏரியைப் பற்றிக் கட்டுரை தொடங்குகிறார். “எங்கள் ஊர் ஏரி மிகவும் அழகானது, ஆயிரம் ஆண்டுகள் பழமையானது” என்று ஆரம்பித்து, ஏரிக்கு நான்கு மதகுகள் உண்டென்றும், கடைமடைக்காரர்களுக்கு எந்த முறையில் தண்ணீர் விடுகிறார்களென்றும், நிரம்பிக் கலிங்கு வழிந்தால் நீர் எந்த ஊர் ஏரிக்குப் போகுமென்றும் விவரித்து, மேற்கோள் ஒன்றுமின்றி முடித்துவிடுகிறார். சற்று நேரத்தில் கட்டுரையின் தலைமேல் மூன்று வார்ப்புருக்கள் ஏறுகின்றன: சான்றுகள் இல்லை, குறிப்பிடத்தக்கமை ஐயத்துக்குரியது, விக்கியாக்கம் தேவை. மூன்றும் உண்மைதான். ஆனால் எழுதியவர் இரண்டாவதைத் தம் ஊரைப் பற்றிய தீர்ப்பாகவே கொள்கிறார். தம் ஊர் ஒரு பொருட்டல்லவென்று யாரோ சொல்லிவிட்டதாக எண்ணி, அதன்பின் அவர் வருவதில்லை. நம்பகமான வெளி நூல்களில் அப்பொருள் போதிய அளவு பேசப்பட்டிருக்கிறதா என்பது மாத்திரமே குறிப்பிடத்தக்கமை விதியின் கேள்வி என்று எடுத்துச் சொல்ல அங்கே ஆளில்லை.

அதே கட்டுரைக்கு நாங்கள் எதிர்பார்க்கும் கருத்துரை ஏறத்தாழ இவ்வாறு இருக்கும்: “வணக்கம். ஏரியின் மதகுகளையும், கலிங்கு வழிந்தால் நீர் போகும் பாதையையும் எழுதியிருக்கிறீர்கள். கட்டுரையின் உயிர் அந்தப் பகுதிதான். ஆயிரம் ஆண்டு என்பதை எந்த நூலில் கண்டீர்கள்? நூற்பெயரும் பக்க எண்ணும் தெரிவித்தால், மேற்கோளாக இணைக்கும் முறையைக் காட்டுகிறேன். மதகுகளை நீங்களே நேரில் எண்ணியிருந்தால், அதை மட்டும் சான்றாகக் கொள்ள இங்கே விதி இடந்தராது. மாவட்ட விவரச்சுவடியிலோ அரசு வெளியீடுகளிலோ தேடிப் பாருங்கள். ‘மிகவும் அழகானது’ என்பதை மட்டும் எடுத்துவிட்டேன். நீங்கள் எடுத்த மதகுப் படம் இருந்தால் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள்.”

இதில் உபசார வார்த்தை மிகுதியாக இல்லை. புகழ்ச்சி ஒரே வாக்கியம். அதுவும் இன்ன பகுதி நன்று என்று சுட்டிச் சொன்னது. எதை வேண்டுமானாலும் “அருமை, தொடருங்கள்” என்று வாழ்த்திவிட்டுப் போவதும், படிக்காமல் வார்ப்புரு ஒட்டுவதும் எங்கள் பார்வையில் ஒரே அலட்சியத்தின் இரண்டு வடிவங்கள். நேரில் கண்டதைச் சான்றாக ஏற்காத விதி ஏரிக்கரையில் வாழ்கிறவருக்கு அநியாயமாகப் படும்; எங்களுக்கே சில சந்தர்ப்பங்களில் அப்படிப் படுவதுண்டு. எனினும், எழுதியவர் யாரென்றே வாசகர் அறியாத ஒரு கலைக்களஞ்சியத்தில், வாசகர் தாமே சரிபார்த்துக்கொள்ளத் தக்கது மாத்திரம் நிற்கவேண்டுமென்பதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை விளக்காமல் விதிப் பக்கத்தின் இணைப்பை மாத்திரம் வீசிவிட்டுச் செல்வதையே நாங்கள் ஆட்சேபிக்கிறோம்.

சந்திப்பிழை, ஒற்றுப்பிழைகளைத் திருத்திவிட்டு மௌனமாக இருக்கலாம். கேட்காதவருக்கு இலக்கணப் பிரசங்கம் வேண்டாம். இலங்கை வழக்கில் ‘யேர்மனி’ என்று எழுதுவோரும் உண்டு; தமிழ்நாட்டு வழக்கில் ‘ஜெர்மனி’ என்று எழுதுகிறார்கள். ‘ஜ’ போன்ற கிரந்த எழுத்துகளை ஆளலாமா என்னும் பழைய வழக்கை, முதல் கட்டுரை எழுதி முடித்தவரின் பேச்சுப் பக்கத்தில் மறுவிசாரணைக்கு எடுப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை.

மேற்பார்வை செய்வோர் சிலரே என்பதும், கட்டுரைப் போட்டி நடக்கும் காலத்தில் வந்து குவிவன மிகுதி என்பதும், இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டிவிட்டுப் போகிறவருக்கு நாலு வரி எழுதுவது வீண் சிரமம் என்பதும் நாங்கள் அறியாத ஆட்சேபங்களல்ல. அத்தகையவருக்கு விரிவான உபதேசம் தேவையில்லை. அவருடைய கட்டுரையிலிருந்தே பொருள் விளங்காத ஒரு வாக்கியத்தை எடுத்துக் காட்டி, உரக்கப் படித்துப் பார்க்கச் சொன்னால் போதும். திருந்துகிறவர் அந்த ஒரு வாக்கியத்திலேயே திருந்திவிடுவார். திருந்தாதவரின் கட்டுரையை நீக்கும்போது, நீக்கியவர்மீது குறை சொல்ல இடமிராது. காத்திருக்க முடியாத விஷயங்களும் உண்டு. உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றிய சான்றற்ற அவதூறும், நாளிதழிலிருந்தோ நூலிலிருந்தோ எழுத்துப் பிசகாமல் பெயர்த்தெடுத்த பத்தியும் கண்ட உடனே நீக்கத் தக்கவை; எவரும் எடுத்தாளலாமென்று படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வெளியிடப்படும் பக்கத்தில் பிறர் உடைமையை வைக்க நமக்கு அதிகாரமில்லை. அங்கே நீக்கம் முந்தலாம், விளக்கம் பிந்தலாம். ஆனால் விளக்கம் வந்தாக வேண்டும்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் தொகுப்போர் தொகை 2007இல் உச்சமுற்றுப் பின்னர் சரிந்தது. அதன் காரணங்களை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, தரத்தைக் காக்கவென்று ஏற்பட்ட கருவிகளும் விதிகளுமே, நல்லெண்ணத்துடன் வந்த புதியவர்களையும் திருப்பியனுப்பிவிட்டன என்று காட்டிற்று. அவ்வளவு பெரிய சமூகம் தாங்கிக்கொண்ட நஷ்டத்தைத் தமிழ்ச் சமூகம் தாங்குமென்று நாங்கள் நம்பவில்லை. மேலும், வேறு வழி நமக்குத் தெரியாததன்று. கூகுள் நிறுவனம் அமர்த்திய மொழிபெயர்ப்பாளர்கள் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரைகளைச் சேர்த்து வந்தபோது, இங்கிருந்தவர்கள் அவற்றின் குறைகளை வகைப்படுத்தி அந்நிறுவனத்திடம் எடுத்துரைத்தார்கள்; 2010இல் போலந்து நாட்டின் கதான்ஸ்க் நகரில் கூடிய விக்கிமேனியா மாநாட்டில் அந்த அனுபவம் விவரிக்கப்பட்டது. ஒரு பெருநிறுவனத்தினிடம் காட்டிய பொறுமையை, கூலி கருதாமல் தம் ஊர் ஏரியைப் பற்றி எழுத வந்த தனியொருவரிடம் காட்ட மறுப்பது பொருந்தாது.

ஆகவே, கடுங்குற்றம் இல்லாத முதல் கட்டுரையின்மீது நீக்கல் வார்ப்புரு இடுமுன் ஒருநாளேனும் பொறுக்கவும், கலைக்களஞ்சியத்துக்கு இன்னும் தகுதி பெறாததை அழிப்பதைவிட எழுதியவரின் பயிற்சிப் பக்கமாகிய மணல்தொட்டிக்கு நகர்த்தித் தரவும், மீளமைக்கும்போது தொகுப்புச் சுருக்கத்தை வெறுமையாக விடாதிருக்கவும் நிர்வாகிகளையும் மூத்த பயனர்களையும் கேட்டுக்கொள்கிறோம். தானாக வந்து நிற்கும் வரவேற்பு வார்ப்புருவை எடுத்துவிடும்படி நாங்கள் கோரவில்லை. அது கருத்துரையாகக் கணக்கில் வராது என்பதே எங்கள் வாதம். மாறுபட்ட அபிப்பிராயம் உடையவர்கள் தம் காரணங்களை, சமூகத்தின் பொது உரையாடல் பக்கமாகிய ஆலமரத்தடியில் எழுதும்படி வேண்டுகிறோம். சமூகம் கூடி வேறு முடிவு செய்யும்வரை இந்த நிலைப்பாடு எங்கள் குழுவினர் ஒவ்வொருவரையும் கட்டுப்படுத்தும்.