ஐவருக்கும் ஒரே பரிசு!

பூட்டு எவ்வளவு பெரிதானாலும் சாவி வேண்டும். திண்டுக்கல்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டுக்குப் பக்கவாத்தியமும் அப்படித்தான்.

ஜாஸ் இசையில் பேர் வாங்கிய இங்கிலாந்து கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாலின் இதை அறிந்தவர். 1970-களில் 'சக்தி' என்ற இசைக்குழுவை அமைத்தார். அதில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். 2024 பிப்ரவரியில் அக்குழுவின் 'திஸ் மொமென்ட்' இசைத்தொகுப்பு அமெரிக்காவின் கிராமி பரிசைப் பெற்றது. அதில் கஞ்சிரா வாசித்தவர் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ். பரிசு கிட்டாருக்கு மட்டும் அல்ல. ஐந்து பேருக்கும் சேர்த்து!

நம் ஊர்த் திருவிழா நோட்டீசைப் பாருங்கள். நாதசுர வித்துவான் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். தவில்காரரோ பல சமயம் 'குழுவினர்' என்ற சொல்லுக்குள் மறைந்து போவார்.

ஒரு வரி கூட்டி அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? அப்பா பெயரை நோட்டீசில் படிக்கும் பிள்ளைதான் நாளை தவிலைத் தோளில் மாட்டுவான்.