பட்டுக்குப் பேர்போன ஊரில் பிளாஸ்டிக் வரவேற்பா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். படிக்காமல் கைகூப்பும் பொம்மையை மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம்.

94-ஆம் வருஷ மாணவர்கள் பள்ளிச் சந்திப்புக்கு 20 அடிக்கு 10 அடி ஃப்ளெக்ஸ் அடிக்கப் போவதாகக் குழுவில் பார்த்தேன். ஆசிரியர்கள் படமெல்லாம் அதில் வருமாம். நம் வீட்டு விசேஷங்களிலும் இதே கதைதான். காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ், அறுபதாம் கல்யாணத்துக்கு ஃப்ளெக்ஸ், கருமாதிக்கும் ஃப்ளெக்ஸ். எனக்கு இது பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஃப்ளெக்ஸ் துணி இல்லை. நடுவில் பாலியஸ்டர் நூல் வலை, இரண்டு பக்கமும் பி.வி.சி. பிளாஸ்டிக். ஒட்டிய இரண்டையும் பிரித்து எடுப்பது பெரும்பாடு. எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் டயாக்சின் நஞ்சும் வரும். 100 மைக்ரானுக்குக் குறைவான பி.வி.சி. பேனருக்கு மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் தடை போட்டது. நல்லதுதான். ஆனால் தெருவில் தொங்கும் ஃப்ளெக்ஸ் அதைவிடத் தடிமன். மெல்லியதுக்குத் தடை, தடித்ததுக்கு மாலை மரியாதை! 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண பேனர் சரிந்து விழுந்து, வண்டியில் போன சுபஸ்ரீ லாரியில் அடிபட்டு இறந்தாள். வயது 23. கொஞ்ச நாள் எல்லோரும் பேனர் வேண்டாம் என்றோம். அப்புறம் மறந்தோம்.

இதெல்லாம் எல்லா ஊருக்கும் பொது. காஞ்சிபுரத்துக்காரனாக எனக்குத் தனியாக ஒரு கோபம் உண்டு. அது நிறத்தைப் பற்றியது.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்காரரிடம் அரக்கைக் காட்டி மெரூன் என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். மாந்துளிர், வாடாமல்லி, மயில் கழுத்து, கிளிப்பச்சை என்று நிறத்துக்கு நிறம் பெயர் வைத்திருக்கிறோம். எம்.எஸ். அம்மாவின் பெயரால் ஒரு நீலமே இருக்கிறது. சாயம் போடுகிறவர் மாதிரி நூலைப் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பார். புடவை வாங்க வந்த அம்மாள் அதைக் கடை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் விரித்துப் பார்ப்பாள். இத்தனை பார்த்துப் பழகிய கண்கள், பேனரில் மட்டும் எதை அடித்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வருவது ஏன்?

செல்போன் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது: சிவப்பு, பச்சை, நீலம். மெஷின் மையால் காட்டுகிறது: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. திரையில் பளிச்சென்று தெரியும் கிளிப்பச்சையும் வாடாமல்லியும் இந்த நான்கு மையில் அப்படியே வராது. மயில் கழுத்து வரவே வராது, ஏனென்றால் அது பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்தது, திருப்பத் திருப்ப மாறும். ஜரிகை கடுகு நிறத்தில் வந்து நிற்கும். இது மெஷினின் குற்றம் இல்லை. ஆனால் ஒவ்வொரு துணிக்கும், ஒவ்வொரு மைக்கும் மெஷினில் தனியான நிறக்கணக்கு உண்டு. அதற்குப் பெயர் புரொஃபைல். ஃப்ளெக்ஸுக்கு வைத்த கணக்கிலேயே துணியிலும் அடித்தால் நிறம் மாறிப் போகும். அதைக் கேட்டு மாற்றச் சொல்வது நம் உரிமை.

குற்றம் ஒன்று இருக்கிறது, அது டிசைன் போடும் இடத்தில் நடக்கிறது. கறுப்பு முகத்தை வெளுக்க வைக்கிறார்கள். போன வருஷம் ஒரு பேனரில் என் முகம் ரோஸ் பவுடர் அப்பிய மாதிரி இருந்தது. 34 வருஷம் கறுப்பாகவே நின்றுதான் உங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன். அப்படியே போடுங்கள். அந்த பேனர் இன்னும் மூலைக்கடை அருகே தொங்குகிறது. வெயிலில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுத்து நீலம் மிஞ்சியதில், இப்போது கண்ணன் நிறத்தில் இருக்கிறேன்!

"சார், இது எங்க பொழப்பு" என்று அச்சகம் வைத்திருக்கும் என் மாணவர்கள் சொல்வீர்கள். தெரியும் தம்பி. கடன் வாங்கி மெஷின் போட்டிருக்கிறாய். சுவரில் எழுதிப் பிழைத்த ஓவியர்களின் பிழைப்பை இதே மெஷின்தான் எடுத்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார். உன் மெஷினை மூடச் சொல்லவில்லை. பூச்சு கொடுத்த பருத்தித் துணியிலும் அதே மெஷின் அடிக்கும். அந்தப் பூச்சு சுத்தத் தங்கம் என்று நான் சொல்ல மாட்டேன், பி.வி.சி.யை விட எவ்வளவோ மேல். விலை கூடும், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு அளவைக் குறையுங்கள். மண்டபத்துக்குள்ளே மாட்ட 10 அடிக்கு 4 அடி போதாதா? வரதர் கோயில் தேருக்கு இன்றும் சீலையும் தொம்பையும் துணியில்தான் கட்டுகிறோம், பெருமாளுக்குப் போதுமானது நமக்குப் போதாதா?

94 பிள்ளைகளுக்குச் சில வார்த்தை. படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும், பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடையும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். முழுவதும் அடிப்பதற்கு முன்னால் ஒரு முகத்தை மட்டும் அதே துணியில், அதே மெஷினில் ஒரு அடிக்கு அடித்து, வெயிலில் வைத்துப் பாருங்கள். துணி என்று சொல்லி பாலியஸ்டரைத் தந்துவிடுவார்கள். அடிக்காத ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி உருண்டையாகும். பட்டைச் சோதிக்கத் தெரிந்த ஊருக்கு இது புதிதில்லை. ஓரத்தை மடித்துத் தைத்துக் கயிறு நுழைய இடம் விடச் சொல்லுங்கள். சந்திப்பு முடிந்ததும் துணியைப் பள்ளிக்கே கொடுத்துவிடலாம், பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், சின்னப் பிள்ளைகள் படம் வரைய ஆகும்.