பிரேக் சூடாகிறதா? பேட் மேல் பழி போடாதீர்கள்!

"பிரேக் பிடிக்காமல் கார் மோதியது."

இந்த வரியை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்பதற்கு கணக்கே இல்லை. ஏதோ பிரேக் திடீரென்று கைவிட்டுவிட்ட மாதிரிதான் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படி இல்லை, வாசகர்களே! பெரும்பாலும் அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கருகிய வாடை வரும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஒரு வீலில் மட்டும் அனல் அடிக்கும். நாம்தான் காது கொடுப்பதில்லை.

புதுப்பேட்டைப் பக்கம் ஒரு ஷெட்டில் போன மாதம் நான் பார்த்தது இது. பழைய அம்பாசிடர். பின்னாளில் முன் வீலுக்கு டிஸ்க் பிரேக் மாட்டியது. சூடு தாங்காமல் இரண்டு தடவை பேட் மாற்றியாகிவிட்டது. "பேட்தான் சார், மாத்திடலாம்" என்று மூன்றாம் தடவையும் ஆரம்பித்தார் மெக்கானிக். பக்கத்து ஷெட் பெரியவர் தடுத்தார். "இருப்பா தம்பி. சூடு ஏன் வருதுன்னு பார்த்தியா?"

நியாயமான கேள்வி!

குற்றவாளி யார்?

பெரியவர் பின் வீலுக்கு கல் வைத்தார். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுத்தார். கியர் நியூட்ரல். பிரேக்கை மிதித்து விட்டதும் வீலைச் சுற்றினார். சுற்றவில்லை.

முதலில் மாஸ்டர் சிலிண்டரில் பைப் நட்டைத் தளர்த்தினார். இதில் வீல் விடுபட்டால் கோளாறு மாஸ்டர் சிலிண்டரில், அல்லது பெடலுக்கு விளையாட்டு இல்லை. டிரம் பிரேக்குக்கென்று செய்த சில மாஸ்டர் சிலிண்டர்களில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைக்கும் வால்வு உண்டு. டிஸ்க்குக்கு அது ஆகாது. பேட் உரசிக்கொண்டே இருக்கும்.

விடுபடவில்லை. அடுத்து காலிப்பரில் நிப்பிளைத் திறந்தார். ஆயில் பீய்ச்சியது, வீல் சுற்றியது! அப்படியானால் குற்றவாளி ரப்பர் ஹோஸ். வெளியே பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே உப்பி அடைத்திருக்கும். மிதிக்கிற ஆயில் போகும், திரும்பி வராது. நிப்பிளைத் திறந்தும் வீல் விடாவிட்டால்தான் காலிப்பர் பிஸ்டனோ பின்னோ துருப்பிடித்துப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

ஹோஸை மாற்றி, காற்றை எடுத்தார்கள். தீர்ந்தது விஷயம். பைப்பைத் திறந்தால் காற்று எடுக்காமல் வண்டியை நகர்த்தவே கூடாது.

ஆயில் கொதித்தால்?

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் தரையைத் தொடும். அது கல்லட்டி மலை இறக்கமாக இருந்தால்? மொத்தம் 36 கொண்டை ஊசி வளைவு! இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுங்கள். இறக்கத்தில் சின்ன கியரில் வாருங்கள்.

பேட் விற்பது சுலபம், காரணம் தேடுவது கஷ்டம். ஷெட்காரர்களே, பில்லில் காரணத்தையும் எழுதுங்கள். கார் வைத்திருப்பவர்களே, "எவ்வளவு ஆகும்?" என்று கேட்பதற்கு முன்னால் "ஏன் சூடாச்சு?" என்று கேளுங்கள்.

நீங்கள் கேட்டால் நான் அந்த வரியை எழுத வேண்டி இருக்காது.